நடுவானில் துப்பாக்கி: போலீசாருக்கு வேண்டுமா, வேண்டாமா?

வீட்டில் திருடன் புகுந்தால் கூச்சல் போடலாம். அக்கம் பக்கத்தார் ஓடி வருவார்கள். 30 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும் ஆகாய விமானத்தில் ஒருவன் துப்பாக்கியை நீட்டினால் என்ன செய்வது? வெளியே இருந்து யாரும் வர முடியாது.

அப்படியானால், பயணிகளோடு பயணியாக ஒரு போலீஸ் அதிகாரி துப்பாக்கியுடன் உட்கார்ந்து இருந்தால் நல்லதுதானே?

இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது அமெரிக்காவில். 1961-ம் ஆண்டு மே 1-ந் தேதி, புளோரிடாவில் ஒரு பயணி துப்பாக்கியையும் கத்தியையும் காட்டி விமானியை மிரட்டினான். விமானம் கியூபாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் கடத்தல் நடந்தது. சில விமானங்களில் ஆயுதம் தாங்கிய காவலர்களை அனுப்பும்படி ஜனாதிபதி கென்னடி உத்தரவிட்டார்.

காவலர் வென்றார்

1970-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி. ஆம்ஸ்டர்டாமில் இருந்து நியூயார்க் நகருக்கு இஸ்ரேல் விமானம் ஒன்று பறந்து கொண்டு இருந்தது. லைலா காலித் என்ற பெண்ணும், அவருடைய கூட்டாளியும் அதைக் கடத்த எழுந்தார்கள்.

விமானி திடீர் என்று விமானத்தைக் கீழ் நோக்கிப் பாயவிட்டார். கடத்தல்காரர்கள் தடுமாறினார்கள். காவலர் சுட்டார். கூட்டாளி இறந்தான். லைலா பிடிபட்டார். விமானம் லண்டனில் இறங்கியது. பயணிகள் உயிர் தப்பினார்கள்.

காவலர் இருந்தும் பயன் இல்லை

1986-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. பாக்தாத்தில் இருந்து அம்மானுக்குப் போன ஈராக் விமானத்திலும் காவலர்கள் இருந்தார்கள். கடத்த வந்தவர்களுடன் மோதினார்கள். ஆனால் கையெறி குண்டு வெடித்துவிட்டது! விமானம் சவூதி அரேபியாவில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 106 பேரில் 63 பேர் மாண்டார்கள்.

ஓட்டை விழுந்தால்?

"குண்டு பாய்ந்து சுவரில் ஓட்டை விழுந்தால் விமானமே வெடித்துவிடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரி அல்ல.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி தாக்குதலுக்குப் பிறகு, பயிற்சி பெற்ற விமானிகளும் துப்பாக்கி வைத்துக்கொள்ள அமெரிக்கா அனுமதித்தது. 2008-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி, ஒரு விமானியின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு சுவரைத் துளைத்து வெளியே போனது. விமானம் பத்திரமாகத் தரை இறங்கியது.

விமானத்துக்குள் ஓயாமல் காற்று செலுத்தப்படுகிறது. சின்ன ஓட்டை வழியாகப் போகும் காற்றை அது ஈடு செய்துவிடும்.

உண்மையான ஆபத்து வேறு. நடைபாதை குறுகல். ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்து இருக்கிறார்கள். விமானமோ ஆடும். குறி தவறினால் தாயோ, குழந்தையோ பலி ஆகலாம். அதிகாரி அசந்து தூங்கினால் துப்பாக்கியே பறிபோகலாம்.

அட்டையை நம்பி வந்த விபரீதம்

1987-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி கலிபோர்னியாவில் நடந்தது இது. விமானக் கம்பெனியில் வேலை பறிபோன ஒருவன், பழைய ஊழியர் அட்டையைக் காட்டி, சோதனை இல்லாமல் துப்பாக்கியோடு ஏறினான். நடுவானில் சுட்டான். விமானம் விழுந்தது. 43 பேரும் செத்தார்கள்.

ஆகவே, "நான் போலீஸ்" என்று ஒருவர் அட்டையை நீட்டினால் மட்டும் போதாது. அவர் உண்மையான போலீஸ்தானா என்று விசாரிக்க வேண்டும்.

அமெரிக்க விதிகள் கடுமையானவை. துப்பாக்கியோடு பறக்கும் அதிகாரி அதற்கான பயிற்சி பெற்று இருக்க வேண்டும். உள்ளூர் போலீசார் என்றால், கைதியைக் கொண்டுபோவது, முக்கிய பிரமுகருக்குக் காவல் போவது போன்ற அவசியம் இருக்க வேண்டும். சொந்த வேலையாகப் போகும்போது இந்த உரிமை கிடையாது. ஏறுவதற்கு முந்தைய 8 மணி நேரத்தில் மது அருந்தி இருக்கக்கூடாது. தலைக்கு மேலே உள்ள பெட்டியில் துப்பாக்கியை வைக்கக்கூடாது. அவர் எங்கே உட்கார்ந்து இருக்கிறார் என்பது விமானிக்குத் தெரிய வேண்டும்.

இந்தியா கற்ற பாடம்

1999-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, காட்மாண்டுவில் இருந்து டெல்லிக்கு வந்த இந்திய விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. பயணி ஒருவர் கொல்லப்பட்டார். 3 தீவிரவாதிகளை விடுதலை செய்த பிறகே, டிசம்பர் 31-ந் தேதி மற்ற பயணிகள் மீண்டார்கள். இதற்குப் பிறகு, குறிப்பிட்ட சில விமானங்களில் சாதாரண உடையில் கமாண்டோ வீரர்கள் போகத் தொடங்கினார்கள்.

அப்படியானால் முடிவு என்ன?

காவல் வேலையாகப் போகிறவருக்கு, நெருக்கடியான இடத்தில் சுடப் பயிற்சி பெற்றவருக்கு, துப்பாக்கி வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் போலீஸ்காரருக்கு வேண்டாம். அவர் துப்பாக்கி தரையிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் காவல், ஏறும் முன் நடக்கும் சோதனை. அடுத்த காவல், பூட்டிய விமானி அறைக் கதவு. துப்பாக்கி கடைசிக் காவல்தான். விமான நிலையச் சோதனையில் வரிசை நீண்டால், அலுத்துக்கொள்ள வேண்டாம். வானத்தில் ஒரு தோட்டாவுக்கு வேலை இல்லாமல் செய்வது அந்த வரிசைதான்!