ஞானத்தைத் தேடலாமா, கூடாதா?



திருவிவிலியத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவதுண்டு. எதை விற்றாவது ஞானத்தைச் சம்பாதித்துக்கொள் என்கிறது நீதிமொழிகள் நூல் (4:7). ஞானம் கூடினால் கவலையும் கூடும் என்கிறார் சபை உரையாளர் (1:18). உலகின் ஞானத்தைக் கடவுள் மடமையாக்கிவிட்டார் என்று எழுதுகிறார் புனித பவுல் (1 கொரி 1:20). ஞானம் குறைவாக இருந்தால் கடவுளிடம் கேளுங்கள் என்கிறார் புனித யாக்கோபு (1:5). இவற்றில் எதைக் கேட்டு நடப்பது?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் நம் தருமபுரி. பத்தாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்த நினைக்கும் தகப்பனார் ஒருவர், "கடவுள் ஞானிகளுக்கு மறைத்துக் குழந்தைகளுக்குத்தானே வெளிப்படுத்தினார்" (மத் 11:25) என்று கேட்டால், நாம் என்ன சொல்வோம்?

முதலில் சபை உரையாளர். அடுத்த அதிகாரத்திலேயே அவர், இருளைவிட ஒளி எப்படி மேலானதோ அப்படியே மடமையைவிட ஞானம் மேலானது என்கிறார் (2:13). விளக்கை ஏற்றினால் வீட்டின் விரிசலும் தெரியத்தான் செய்யும். அதற்காக விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.

அடுத்து பவுல். கமாலியேலின் காலடியில் அமர்ந்து கற்றவர் அவர் (திப 22:3). கல்வியை அவர் எதிர்க்கவில்லை. கொரிந்து சபையில் சிலர் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி என்று பிரிந்து பெருமை பேசினார்கள். சிலுவையை அவமானமாகக் கருதிய அந்தத் தற்பெருமையைத்தான் அவர் மடமை என்றார். இயேசு சொன்ன குழந்தைகளும் படிக்காதவர்கள் என்று பொருள் அல்ல. கற்றுக்கொள்ள மனம் திறந்தவர்கள்.

இந்தப் பூட்டுக்குத் திறவுகோல் யாக்கோபின் கையில் இருக்கிறது. ஞானம் இரண்டு வகை என்கிறார் அவர் (3:13-17). ஒன்று பொறாமையும் போட்டியும் நிறைந்தது. மற்றொன்று விண்ணிலிருந்து வருவது. அது அமைதியும் இரக்கமும் உள்ளது. எவ்வளவு தெரியும் என்பதைவிட, யாருக்காகத் தெரிந்துகொள்கிறோம் என்பதே கேள்வி.

கிபயோனில் சாலமோன் நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை, செல்வத்தைக் கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்கத்தக்க உள்ளத்தைக் கேட்டார் (1 அர 3:9-11). தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட நம் ஊரை ஆண்ட அதியமானின் கதையும் நமக்குத் தெரியும். ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி கைக்கு வந்தபோது, தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். தன் ஆயுளைவிட அறிவுள்ள ஒரு பெண்ணின் ஆயுள் ஊருக்குத் தேவை என்று எண்ணிய மண் இது.

ஆனால் அதே சாலமோனின் உள்ளம் முதுமையில் கடவுளைவிட்டு விலகியது (1 அர 11:4). ஒருமுறை பெற்ற ஞானத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது; நாள்தோறும் கேட்க வேண்டும்.

எனவே, பெற்றோரே, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். மகளின் படிப்பை நிறுத்த இறைவார்த்தையைச் சாக்காக்காதீர்கள். பிள்ளைகளே, நன்றாகப் படியுங்கள். படித்தபின் எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு மனு எழுதிக்கொடுங்கள். மேலிருந்து வரும் ஞானம் அங்கே தொடங்குகிறது.

ஆண்டவரே, பிறருக்குப் பயன்படும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.