கடும் மலேரியாவில் திரவ சிகிச்சை: சான்றுகளை எடைபோடுதல்

அதிர்ச்சி நிலையும் போலஸும்

ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தடுப்பதால், கடும் மலேரியா கண்ட குழந்தையின் கைகால்கள் குளிர்ந்து, நாடி விரைந்து, அதிர்ச்சி நிலை எனப்படும் இரத்தவோட்டக் குறைவின் அறிகுறிகள் தோன்றுவதுண்டு. அதிர்ச்சி நிலைக்குச் சலைன் போன்ற திரவத்தைக் குறுகிய நேரத்தில் மிகுதியாக ஏற்றுவது, அதாவது போலஸ் கொடுப்பது, நெடுங்கால மருத்துவ வழக்கம்.

சிறிய ஆய்வும் பெரிய ஆய்வும்

கென்யாவின் கிலிஃபியில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வில், ஆல்புமின் என்னும் இரத்தப் புரதக் கரைசல் பெற்ற 56 குழந்தைகளில் 2 பேரும், சலைன் பெற்ற 61 பேரில் 11 பேரும் இறந்தனர். ஆல்புமினே சிறந்தது என்று தோன்றினாலும், இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் அத்தகைய வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் நடந்து 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வில், காய்ச்சலும் இரத்தவோட்டக் குறைவும் கொண்ட 3,141 குழந்தைகள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. 48 மணி நேரத்துக்குள் ஆல்புமின் குழுவில் 10.6 விழுக்காட்டினரும், சலைன் குழுவில் 10.5 விழுக்காட்டினரும் இறக்க, போலஸ் இன்றி அன்றாடத் தேவைக்கான திரவம் மட்டும் பெற்ற குழுவில் இறப்பு 7.3 விழுக்காடாகவே இருந்தது. போலஸ் பெறாத குழு ஒன்றை உடன்வைத்து ஒப்பிட்டதனால்தான் போலஸின் தீங்கு புலப்பட்டது.

பெங்களூருக்குப் பொருந்துமா?

சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வு, கிருமித்தொற்று அதிர்ச்சி கண்ட 147 குழந்தைகளிடம் இருவேறு வேகங்களில் திரவம் ஏற்றி ஒப்பிட்டு, இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது; ஆனால் இரு குழுக்களுமே போலஸ் பெற்றதால், போலஸ் தேவையா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. ஃபீஸ்ட் ஆய்வோ, செயற்கைச் சுவாசக் கருவியுடன் கூடிய தீவிர சிகிச்சை வசதியற்ற மருத்துவமனைகளில், வயிற்றுப்போக்கு நோயாளிகளை விலக்கி நடத்தப்பட்டது. எனவே 2020இல் வெளிவந்த பன்னாட்டுக் குழந்தைக் கிருமித்தொற்று வழிகாட்டுதல், பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளைப் போலத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடங்களுக்கும், அது இல்லாத இடங்களுக்கும் வெவ்வேறு பரிந்துரைகளை வழங்குகிறது. கடும் மலேரியாவைப் பொறுத்தவரை, விரைந்து திரவம் ஏற்றுவதைத் தவிர்க்குமாறு உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு கூறுகிறது. இரத்தக்குழாயிலிருந்து நீர்மம் கசியும் டெங்குவின் சிகிச்சை முறை வேறாதலால், இந்த விதியை அதற்கு நீட்டலாகாது.

பெற்றோர் கவனத்துக்கு

காய்ச்சலுடன் மயக்கம், வலிப்பு, வேகமான மூச்சு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கடும் மலேரியாவில் உயிர்காக்கும் முதன்மை மருந்து ஒட்டுண்ணியை அழிக்கும் ஆர்டெசுனேட் ஊசியே. ஆதலால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுமாறு வற்புறுத்தாமல், இரத்தப் பரிசோதனை விரைவில் நடக்கிறதா என்று கேட்பதே குழந்தைக்குச் செய்யும் உண்மையான உதவி.