கணனி வாங்குமுன் ஒரு யோசனை

எமது பிள்ளைகள் கணனியில் பாடம் படிப்பது இன்று இந்நாட்டில் சாதாரண விடயம். இதற்கு வழி திறந்தது 1981 ஆம் ஆண்டாகும். பொதுமக்களுக்குக் கணனி அறிவூட்டும் திட்டத்தைப் பி.பி.சி. மேற்கொண்டபோது, அதற்கென 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் கணனியைக் கேம்பிரிட்ஜில் உள்ள ஏக்கோர்ன் நிறுவனம் செய்தளித்தது. இடைநிலைப் பாடசாலைகள் கணனி வாங்கினால் பாதி விலையை அரசாங்கம் கொடுத்தது. 1982 இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் அவ்வுதவி கிடைத்தது.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. உதவி பெறும் பாடசாலை தன் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும். பொறியை மட்டும் கொடுத்தால் அது அலுமாரியில் தூசி பிடிக்கும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

2016 இல் உள்ளங்கையில் அடங்கும் 'மைக்ரோ பிட்' பல லட்சம் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டபோதும், ஆசிரியர்களுக்கான பாடக்குறிப்புகள் கூடவே வந்தன.

எமது வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்கும் பெரிய தொடுதிரை வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். எனினும், திரைக்குப் பணம் சேர்க்குமுன் தமிழில் தட்டெழுத எமது ஆசிரியர்களுக்குப் பழக்குவோம். கணனித் துறையில் வேலை செய்யும் அங்கத்தவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து உதவினாற் போதும்.

ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்குப் பிள்ளை தானே தமிழில் நாலு வரி தட்டி அனுப்பும் நாளே எமது வகுப்பறை நவீனமான நாள்.