வயல் எலியை ஒழிக்க ஓசையில்லாத தோட்டா உதவுமா?

சோளிங்கர் வட்டாரத்தில் ஏரிப் பாசன நெல், மானாவாரி நிலக்கடலை, கிணற்றுப் பாசனக் கரும்பு ஆகியவை பக்கம் பக்கமாகப் பயிராகின்றன. எலிகளுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. நெல் அறுவடையானதும் அவை மல்லாட்டைக் கொல்லைக்குப் போகும். மல்லாட்டை பிடுங்கியதும் கரும்புக்குள் புகும். ஆண்டு முழுவதும் அவற்றுக்குத் தீனி உண்டு. மருந்து வைத்தும் எலி தீராத விவசாயிகள், வெளிநாடுகளில் அதிகச் சத்தமில்லாத தோட்டாக்களால் சுடுவதாகக் கேள்விப்பட்டு, அது நமக்கும் பயன்படுமா என்று கேட்கின்றனர். அதற்கான விளக்கம் இதோ.

தோட்டாவின் வேகமும் ஓசையும்

துப்பாக்கி வெடிக்கும்போது இரண்டு ஓசைகள் எழுகின்றன. ஒன்று, குழல் வாயில் மருந்து வெடிக்கும் ஓசை. மற்றொன்று, தோட்டா ஒலியைவிட வேகமாகக் காற்றைக் கிழித்துச் செல்லும்போது உண்டாகும் 'சடார்' என்ற ஓசை. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். இதற்குக் குறைந்த வேகத்தில் செல்லும் தோட்டாவால் இரண்டாவது ஓசை எழுவதில்லை. முதல் ஓசை இருந்தே தீரும். பிரிட்டன் போன்ற நாடுகளில் 0.22 அங்குல ரைபிளில் இத்தகைய தோட்டாவை இட்டு, குழல் முனையில் ஓசையடக்கியும் பொருத்தி, மேய்ச்சல் நிலத்து முயல்களைச் சுடுகின்றனர்.

நம் நாட்டுச் சட்டம் வேறு. ஓசையைக் குறைக்கும் கருவிகள் இங்கு தடை செய்யப்பட்டவை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கெனக் குறிப்பிடுவது குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான். அது போதாதென்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலுள்ள வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ரைபிள் இதில் வராது.

சட்டத்தை விடுங்கள், இது நம் நிலத்துக்கும் பொருந்தாது. வேகம் குறைந்த தோட்டாவும் கல்லிலோ, காய்ந்த தரையிலோ, தேங்கிய நீரிலோ பட்டால் திசை மாறித் தெறிக்கும். 0.22 தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லக்கூடியது. அடுத்த வரப்பிலேயே ஆளும் மாடும் நிற்கும் சிறு நிலங்களில் இது பெரும் ஆபத்து. மேலும், எலி இரவில் நடமாடுவது. பகலில் வளைக்குள் கிடப்பது. வெளியே தெரியும் ஒன்றிரண்டைச் சுட்டால், வளைக்குள் இருப்பவை அடுத்த ஈற்றிலேயே அந்தக் குறையை நிரப்பிவிடும். பெண் எலிக்குச் சினைக்காலம் சுமார் மூன்று வாரமே.

ஓசையில்லாத நம் கருவிகள்

தஞ்சாவூர்க் கிட்டி மூங்கிலும் கயிறும் கொண்டு செய்யப்படுவது. இதற்கு மருந்தும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஏக்கருக்கு 30 முதல் 40 கிட்டிகளை, எலி நடமாடும் வரப்போரங்களில் மாலையில் வைத்துக் காலையில் எடுக்கலாம்.

கூகையும் ஆந்தையும் இரவுக் காவலர்கள். நட்ட வயலில் 'டி' எழுத்து வடிவில் குச்சிகளை நட்டு வைத்தால், அவை அமர்ந்து எலிகளைப் பிடிக்கும். கதிர் முற்றத் தொடங்கியதும் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் தானியம் தின்னும் பறவைகள் அவற்றில் அமரும். சாரைப் பாம்பையும் அடிக்கக் கூடாது.

வரப்புகளை ஓரடி அகலத்துக்குச் செதுக்கிக் குறுக்கினால், எலி வளை தோண்ட இடம் கிடைக்காது. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் களை மண்டாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

மருந்து ஏன் பலிப்பதில்லை?

சிங்க் பாஸ்பைடு விரைந்து கொல்லும் நஞ்சு. சிறிதளவே தின்ற எலி, சாகாமல் நோயுற்றுப் பிழைத்தால், மறுமுறை அந்த இரையைத் தொடாது. ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்கள் நஞ்சு கலவாத பொரியோ குருணையோ வைத்து எலியைப் பழக்கிய பிறகே நஞ்சு கலந்த இரையை வைக்க வேண்டும். அதையும் ஒரு போகத்தில் ஒரு முறைக்கு மேல் வைக்கக் கூடாது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது.

புரோமாடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே கொல்லும். அதனால் எலிக்கு இரையின்மேல் ஐயம் எழுவதில்லை. தவறி உட்கொண்டவருக்கு மருத்துவமனையில் வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. சிறு விவசாயிகளுக்கு 0.005 விழுக்காடு மருந்துள்ள ஆயத்த வில்லைகளே ஏற்றவை. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிடுங்கள். மறுநாள் திறந்திருப்பவையே எலி வாழும் வளைகள். அவற்றில் மட்டும் வில்லையை வையுங்கள். செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். அவற்றைத் தின்னும் கூகைக்கும் நாய்க்கும் நஞ்சு ஏறும். கையுறை இல்லாமல் எலியைத் தொடக் கூடாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும்.

இருளர் உதவியும் ஓர் எச்சரிக்கையும்

நம் பகுதி இருளர் மக்கள் வளையின் போக்கறிந்து, புகைமூட்டி, வெட்டி, குட்டியோடு எலிகளைப் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். ஒரு வளையை முழுதாகக் காலி செய்ய இதைவிடச் சிறந்த முறை இல்லை. அவர்களுக்கு உரிய கூலி கொடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் பிடித்த எலியை உணவாகக் கொள்ளும் வழக்கம் அவர்களிடம் உண்டு. நஞ்சு வைத்த நிலத்து எலி அவர்கள் உயிருக்கே கேடாகும். ஆகவே ஒரு போகத்தில் ஆட்களை வைத்துப் பிடிப்பதா, நஞ்சு வைப்பதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நஞ்சு வைத்திருந்தால் பக்கத்து நிலத்தாரிடமும் இருளர் குடியிருப்பிலும் மறவாமல் சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

எலிக்கும் பன்றிக்கும் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவதும் ஓசையில்லாத முறைதான். ஆனால் இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் விவசாயியையே அது கொன்றுவிடும்; குற்றமும் ஆகும். அவுட்டுக்காய் வைப்பதும் அப்படியே. மேயும் மாடு அதைக் கடித்தால் வாய் சிதறிப்போகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, அதை வாங்காதீர்கள். காட்டுப்பன்றிக்கு 2025ஆம் ஆண்டு அரசாணைப்படி, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதற்கு வழியுண்டு. ஆனால் அதையும் வனத்துறையினர் மட்டுமே செய்யலாம். சேதம் ஏற்பட்டால் வனத்துறைக்கு மனுக் கொடுங்கள்.

சேர்ந்து செய்தால்தான் பலன்

எலி பெருகுவது நெல் கதிர் பிடிக்கும் பருவத்தில். அப்போது விழித்தெழுந்து பயனில்லை. அறுவடை முடிந்து தீனி குறைந்திருக்கும் கோடையிலும், நடவுக்கு முன்பும், தூர் கட்டும் பருவத்திலும் ஒழிப்பு வேலை நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் தம் நிலத்தில் எலியை ஒழித்தால், சில நாட்களில் பக்கத்து நிலத்து எலி அங்கே குடியேறும். ஓர் ஏரியின் ஆயக்கட்டுக்காரர் அனைவரும் ஒரே வாரத்தில் வரப்பு செதுக்கி, வளை மூடி, கிட்டியோ வில்லையோ வைத்தால் அந்தப் போகம் தப்பும்.

மேலும் விவரங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.