ஒரே ஆண்ட்ராய்டுதான்... உங்க போனுக்கு மட்டும் ஏன் அப்டேட் லேட்?

ஃப்ரெண்டோட போன்ல புது ஆண்ட்ராய்டு வந்தாச்சு, உங்க போன்ல இன்னும் வரலையா? காரணம் இதுதான்.

ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ். கூகுள் வெளியிடும் கோடிங்கை எடுத்து, ஒவ்வொரு நிறுவனமும் தன் ஸ்டைலுக்கு மாற்றிக்கொள்ளலாம். சாம்சங்கின் ஒன் யூஐ, ஷாவ்மியின் ஹைப்பர் ஓஎஸ் எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஆளாளுக்கு மாற்றினால் ஆப்ஸ் ஓடுமா? அதற்குத்தான் சி.டி.எஸ் எனும் டெஸ்ட். இதில் பாஸாகாத போனுக்கு ப்ளே ஸ்டோர் கிடையாது.

ஆனால், அப்டேட் கதை வேற. புது வெர்ஷன் வரும்போதெல்லாம் சிப் கம்பெனியும் போன் கம்பெனியும் தங்கள் மாற்றங்களை அதில் மறுபடி பொருத்த வேண்டும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த 'ட்ரெபிள்', சிப் சார்ந்த பகுதியைத் தனியாகப் பிரித்து இந்த வேலையைக் குறைத்தது. ஆனாலும், காத்திருப்பு முழுசா தீரலை.

யூபிஐ, பேங்க் ஆப் இருக்கிற போனில் செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோனால் ரிஸ்க் நமக்குத்தான். கேலக்ஸி எஸ்24-க்கு 7 வருஷம்னு சாம்சங் அறிவித்தது. பல பட்ஜெட் போன்களுக்கு அவ்வளவு கிடைக்காது. அதனால், அடுத்த போன் வாங்கும்போது மெகாபிக்ஸலுக்கு முன்னாடி, 'எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும்?'னு கேளுங்க!