மாடியில் ஒரு குடித்தனம்

மாடி கட்டி முடித்தாயிற்று. கடைசி ஜன்னலுக்கு அடித்த பெயிண்ட் காய்வதற்குள் "டு லெட்" போர்டும் மாட்டியாயிற்று. மாதம் 15,000 ரூபாய் என்று வாடகையையும் மனத்திற்குள் நிச்சயம் செய்துவிட்டீர்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, பெண்ணுக்கு வளையல், பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம், மீதி பாங்கியில் என்று பங்கு போடவும் தொடங்கியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அம்மா!

பன்னிரண்டால் பெருக்காதீர்கள், பத்தால் பெருக்குங்கள். ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். சொத்து வரி, எரிந்துபோன மோட்டார், மழைக்கு ஒழுகும் மொட்டை மாடி என்று இன்னொரு மாத வாடகை போய்விடும். 1,80,000 என்று நினைத்தது 1,50,000 ஆகிறது. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு குடும்பக் கணக்கை எழுதுங்கள். மேலே வந்தால் லாபம்தானே!

வாடகையை விட அபாயமானது அட்வான்ஸ். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது சர்வ சாதாரணமாக இருந்த காலம். எங்கள் மாடிக்கு அப்போது எட்டாயிரம் வாடகை. எண்பதாயிரம் முழுசாகக் கைக்கு வந்த சமயத்தில் என் இளைய பெண்ணுக்குக் கல்யாணமும் குதிர்ந்தது. மண்டபத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. பதினாலு மாதம் கழித்து, குடியிருந்தவருக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு இறங்கி வந்து, "அட்வான்ஸைக் கொடுத்தால்தான் அங்கே வீடு பிடிக்கலாம், அம்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுக் குடித்தனம் வரட்டும், வாங்கித் தருகிறேன்!"

இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் என் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "வருகிறேன்" என்றாள். "அம்மா" என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அட்வான்ஸ் நம் பணம் அன்று. வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். இப்போது சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டால் ரிஜிஸ்தர் செய்ய வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வார். பழைய பாடம் அது. புதுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் சேர்ந்து வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்து, அதற்கென்று ஒரு பதிவு எண் பெற வேண்டும். இணையதளத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். இந்தச் சின்ன வேலைக்குச் சோம்பினால், நாளைக்கு ஒரு தகராறு என்று வரும்போது சட்டம் உங்களுக்குத் துணை நிற்பது கஷ்டம்.

இன்னொன்று கேளுங்கள். காலி செய்கிறவரிடம் ஒரு மாத வாடகையை "பெயிண்டிங்" என்று பிடித்துக்கொள்கிறோம் அல்லவா? வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவுக்கு வர்ணம் பூசுவதும் சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச், உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் பொறுப்பு. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவிடாதீர்கள். அது குற்றம் உங்கள் பக்கம் திரும்பும் வழி.

வருமான வரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. வருஷ வாடகையில், கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் நூற்றுக்கு முப்பது பழுதுபார்ப்புக்கென்று தள்ளுபடி உண்டு. ரசீது ஏதும் காட்ட வேண்டாம். 1,80,000-இல் சொத்து வரி 6,000 போனால் 1,74,000. அதில் 52,200 தள்ளுபடி. மீதி 1,21,800 மட்டுமே வருமானத்தில் சேரும். கடன் வாங்கிக் கட்டியிருந்தால் வட்டியையும் கழிக்கலாம்.

குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சைவமா, எந்த ஊர், என்ன ஜனங்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். முன்னால் இருந்த வீட்டை ஏன் விடுகிறார், எந்தத் தேதியில் சம்பளம் வருகிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம்! பழைய வீட்டுக்காரருக்கு ஒரு போன் பேசினால் போதும், பாதி விஷயம் விளங்கிவிடும். மோட்டார் எப்போது போடுவது, மொட்டை மாடியில் துணி உலர்த்தலாமா, ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் சாமான் வண்டி வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் பேச்சு நின்று போவது பெரும்பாலும் மோட்டார் விஷயத்தில்தான்.

சாவி கொடுக்கும் நாளன்று ஒரு தாளில் மின்விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, கீசர் ஓடுகிறதா, மீட்டரில் ரீடிங் என்ன என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். செல்போனில் நாலு படமும் எடுத்துவையுங்கள். காலி செய்யும் நாளன்று அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களையும் கூட அழைத்துக்கொண்டு, அறை அறையாகச் சுற்றிப் பாருங்கள். கணக்கைத் தீர்த்து, அட்வான்ஸுக்கு ரசீதும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு சாவிக்குக் கை நீட்டுங்கள்.