டி-ஷர்ட் 180 ஜிஎஸ்எம், குண்டு தடுக்கும் தகடு 40,000 ஜிஎஸ்எம்: எடை, பாதுகாப்பு, சௌகரியம் மூன்றையும் எப்படிப் பொருத்துகிறார்கள்?

திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசரிடம் துணியைக் கொடுத்தால் முதலில் கேட்பது ‘என்ன ஜிஎஸ்எம்?’ என்றுதான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அந்தக் கணக்கு. சாதாரண டி-ஷர்ட் துணி 160 முதல் 180 வரை. குளிருக்குப் போடும் ஹூடி என்றால் 300 பக்கம் போகும்.

ராணுவ வீரரும் போலீஸ்காரரும் அணியும் புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்டுக்கும் இதே கணக்குதான். என்ன, அங்கே கிராம் இல்லை, கிலோ. கான்பூரில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் உருவாக்கி, 2024 ஏப்ரலில் நாட்டிலேயே எடை குறைந்தது என்று அறிவிக்கப்பட்ட ஜாக்கெட்டின் முன்பக்கத் தகடு, சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. பனியன் பாஷையில் சொன்னால் சுமார் 40,000 ஜிஎஸ்எம்!

இவ்வளவு எடை எதற்கு? இதைக் குறைக்கவே முடியாதா?

துணி போதாதா?

கைத்துப்பாக்கிக் குண்டுக்குத் துணி போதும். 1965-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி க்வோலெக் கண்டுபிடித்த இழைதான் பின்னர் கெவ்லார் ஆனது. அந்த வகை இழையில் நெய்த துணியைப் பல அடுக்காக வைத்தால், குண்டின் வேகத்தை இழைகள் இழுத்துப் பிடித்துப் பரப்பிவிடும்.

ரைஃபிள் குண்டின் வேகமும் கூர்மையும் வேறு. அதற்கு முன்னால் கெட்டியான தகடு வேண்டும். தகடு குண்டின் முனையை உடைக்கும். மிச்சத்தைப் பின்னால் உள்ள அடுக்கு பிடித்துக்கொள்ளும்.

முதல் கேள்வி: எந்தக் குண்டு?

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் ஹேமந்த் கர்கரே உள்ளிட்ட அதிகாரிகள் உயிரிழந்த பிறகு, காவல்துறை ஜாக்கெட்டுகளின் தரம் பற்றி நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. 2018-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே ஐஎஸ் 17051 என்ற தரத்தை வெளியிட்டது. அதில் ஆறு நிலைகள். எந்த வகைக் குண்டைத் தாங்குகிறது என்பதை வைத்து நிலை ஏறும். ஆறாவது நிலை, கவசத்தையே துளைக்கும் 7.62×54 ஆர் வகைக் குண்டுக்கு எதிரானது. டிஆர்டிஓ தகடு அந்தக் குண்டை ஆறு முறை தாங்கியது.

உயர்ந்த நிலை என்பதால் எல்லோருக்கும் அதையே கொடுக்க முடியுமா? முடியாது. ரயில் நிலையத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் காவலருக்கும் எல்லையில் நிற்கும் வீரருக்கும் ஆபத்து ஒன்றல்ல. தேவைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் ஓட்டத்தையும் மூச்சையும் குறைக்கும்.

நான்கு பொருள், நான்கு குணம்

*எஃகு:* மலிவு, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் 6.5 மி.மீ. தடிமனுக்கே சதுர மீட்டருக்கு 50 கிலோ வந்துவிடும். மோதிய குண்டு சிதறி, துணுக்குகள் கழுத்துக்கும் கைக்கும் தெறிக்கும் அபாயமும் உண்டு.

*அலுமினா செராமிக்:* எஃகில் பாதி அடர்த்தி. செராமிக் வகைகளில் விலை குறைவு, ஆனால் எடை அதிகம்.

*போரான் கார்பைடு:* அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். மிகக் கடினம், விலையும் அதிகம். ஐஐடி டெல்லியுடன் சேர்ந்து டிஆர்டிஓ 2024 செப்டம்பரில் அறிவித்த ‘அபேத்’ ஜாக்கெட்டில் இருப்பது இதுதான். அதன் குறைந்தபட்ச எடை, தர நிலையைப் பொறுத்து 8.2 கிலோ, 9.3 கிலோ.

*பாலிஎத்திலீன்:* தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசு. ஆனால் கெட்டியான எஃகு முனை கொண்ட குண்டுக்கு இது மட்டும் போதாது. அதிக சூடும் ஆகாது. அதனால் பெரும்பாலும் செராமிக்குக்குப் பின்னால் தாங்கும் அடுக்காக வருகிறது.

செராமிக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. கீழே போட்டால் உள்ளே விரிசல் விடலாம், வெளியே தெரியாது. அதனால்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.

எடையைக் கணக்குப் போடுவது எப்படி?

வழக்கமான தகடு 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். பரப்பு 0.075 சதுர மீட்டர். 40-ஆல் பெருக்கினால் 3 கிலோ. முன்னும் பின்னும் இப்படி வைத்தால் 6 கிலோ. இதற்கு மேல்தான் உள்கவசம், உறை, தோட்டா, தண்ணீர் எல்லாம்.

இங்கே ஒரு சின்ன எழுத்தைக் கவனிக்க வேண்டும். சில தகடுகள் தனியாகவே தாங்கும். சில, உள்ளே துணிக்கவசமும் இருந்தால் மட்டுமே சொன்ன அளவுக்குத் தாங்கும். டிஆர்டிஓ தகட்டிலேயே தனி வகை 43 கிலோவுக்குக் கீழ், சேர்த்துப் போடும் வகை 40-க்குக் கீழ். ‘லேசா இருக்கே’ என்று இரண்டாவது வகையை எடுத்துத் தனியாகப் போட்டால், அந்த எடைக் குறைப்பு உயிருக்கே ஆபத்து.

அளவு எடுப்பது டி-ஷர்ட் மாதிரி இல்லை

தகடு மூட வேண்டியது இதயம், நுரையீரல், பெரிய ரத்தக் குழாய்களை. மேல் விளிம்பு கழுத்தெலும்புக் குழியை ஒட்டி வர வேண்டும். தொப்பைக்கு ஏற்றபடி பெரிய தகடு தேவையில்லை. மிகப் பெரியதாக இருந்தால் உட்காரும்போது தொண்டையில் இடிக்கும், தோளில் துப்பாக்கியை ஊன்ற முடியாது. நெஞ்சின் வளைவுக்கு ஏற்ப வளைந்த தகடு எடையைப் பரப்பும். தட்டையானது ஓரிடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும்.

சௌகரியம் ஆடம்பரம் இல்லை. அழுத்துகிறது, வியர்க்கிறது என்று கழற்றி ஜீப்பில் வைத்த ஜாக்கெட் ஒரு குண்டையும் தடுக்காது.

இதில் திருப்பூருக்கு என்ன வேலை?

பின்னலாடைத் துணி வளையங்களால் ஆனது, அதனால் இழுபடும். குண்டைத் தடுக்க இழை நேராக, இறுக்கமாக நிற்க வேண்டும். ஆகவே அந்த அடுக்கில் நெசவுத் துணியோ ஒரே திசையில் ஒட்டிய இழைத் தாளோதான் வரும்.

ஆனால் உடம்போடு ஒட்டும் அடுக்கு பின்னலாடையின் இடம். வியர்வையை வெளியே இழுக்கும் உள்பனியன், தகட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே காற்றோட்டம் தரும் ‘ஸ்பேசர்’ துணி இரண்டும் பின்னல்தான்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. 2006-ல் அமெரிக்க மரீன் படை, ஈராக்கில் முகாமுக்கு வெளியே பாலியெஸ்டர், நைலான் உள்ளாடைகளைத் தடை செய்தது. வெடிவிபத்தில் அவை உருகித் தோலில் ஒட்டிக்கொண்டன. விளையாட்டு டி-ஷர்ட் தைக்கும் அதே துணியைத் தூக்கி இங்கே கொடுத்துவிட முடியாது. தீயில் உருகாத இழைக் கலவை வேண்டும்.

தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தட முனையங்களில் கோவையும் சேலமும் உண்டு, நடுவில் இருக்கிறது திருப்பூர். தகடு எங்கிருந்து வந்தாலும் சரி, அதை ஒருவர் நாள் முழுக்கக் கழற்றாமல் போட்டிருப்பாரா என்பதில் பாதி, உள்ளே இருக்கும் அந்த 150 ஜிஎஸ்எம் துணியின் கையில்தான் இருக்கிறது.